கிழக்கு லைனை விற்ற விதம்

திண்டுக்கல்லில் சமீபத்தில் இளம் பொறியாளர்களுக்கு ஒரு பயிற்சி வகுப்பு நடந்தது. ஓய்வு பெற்றவர்கள் இரண்டு மூன்று பேரை அழைத்து அனுபவம் பேசச் சொல்லியிருந்தார்கள். நானும் போனேன். கலவையைப் பற்றிக் கேட்பார்கள், பில் எழுதுவதைப் பற்றிக் கேட்பார்கள் என்று நினைத்துப் போனால், முன் வரிசையில் இருந்த ஒரு பெண் எழுந்து, "மேடம், பின்னாடி நமக்குப் பிரச்சனை வராத மாதிரி ஒரு கட்டடத்துக்கு ரிப்போர்ட் எழுதுறது எப்படி?" என்று கேட்டாள். அதுவரை செல்போனைத் தடவிக்கொண்டிருந்தவர்கள்கூட நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். அப்படி ஒரு வழி தெரிந்தால் எனக்கும் சொல்லுங்கள் என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். நான் சிரிக்க வைப்பதற்காகச் சொல்லவில்லை.

கூட்டத்தில் சொல்லி முடிக்கக்கூடிய பதில் என்னிடம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

பேரூராட்சிகளில் ஓவர்சியராக வேலை பார்த்தவள் நான். அரசாங்கம் அந்தப் பதவிக்கு அவ்வப்போது வேறு வேறு பெயர் வைத்தது. சனங்களுக்கு நான் கடைசிவரை ஓவர்சியரம்மாதான். சாணார்பட்டிப் பக்கம் பிறந்து, பாலிடெக்னிக்கில் சிவில் படித்தேன். முதலில் வேலை கிடைத்தது வேடசந்தூர்ப் பக்கம். வாய்க்கால், தெருக்குழாய், மேல்நிலைத் தொட்டி. சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டி ஏணியில் ஏறினால், மில் பஸ்ஸுக்கு நிற்கிற கூட்டம் அண்ணாந்து பார்க்கும். கொஞ்ச நாளில் அவர்களுக்கும் சலித்துவிட்டது, எனக்கும் சலித்துவிட்டது. அந்த வருடங்களைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை. சாக்கடை எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் அடைக்கிறது.

நான் சொல்ல வந்தது, பணி ஓய்வுக்குச் சில வருடங்கள் முன்பு நான் இருந்த ஊரைப் பற்றி. பெயர் வேண்டாம். திண்டுக்கல்லிலிருந்து டவுன் பஸ்ஸில் போய்வரலாம், அவ்வளவு போதும். அங்கே பேரூராட்சிக்குச் சொந்தமான இடத்தில், ஏழைகளுக்கான வீட்டுத் திட்டம் ஒன்றில் ஒரு காலத்தில் கட்டிய வீடுகள் இருந்தன. ஒன்றோடு ஒன்று ஒட்டி, நீளமாக, எதிரெதிரே இரண்டு வரிசை. ஊரில் அதைக் கிழக்கு லைன் என்பார்கள். துப்புரவு வேலைக்காரர்கள், வெங்காய மண்டியில் மூட்டை தூக்குகிறவர்கள், மில்லுக்குப் போகிறவர்கள் என்று நாற்பது சொச்சம் குடும்பம். சொற்ப வாடகை, பேரூராட்சிக்குத்தான் கட்டுவார்கள். வாடகையை வாங்கத் தெரிந்த பேரூராட்சிக்கு, ஒருநாளாவது அந்த வீடுகளுக்கு வெள்ளையடிக்கத் தோன்றியதில்லை.

அந்த வீடுகள் கட்டிய காலத்தில் அது ஊருக்கு வெளியே கிடந்த கரட்டு நிலம். அப்புறம் சாலை அகலமானது. பஸ் ஸ்டாண்டு இடம் மாறி வந்து, லைனுக்கு எதிரே உட்கார்ந்தது. வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் பழனி பஸ் நிற்பது தெரியும். அதோடு தலைவலி ஆரம்பித்துவிட்டது. கார்கள் வந்து நின்று போயின. கூலிங் கிளாஸ் போட்ட ஆட்கள் சாக்கடையைத் தாண்டி நின்று கையை நீட்டிப் பேசினார்கள். கொஞ்ச நாளில், கிழக்கு லைன் இடத்தைப் பொது ஏலத்தில் தனியார் புரமோட்டருக்கு விற்பதென்றும், வருகிற பணத்தில் ஊருக்கு வெளியே குளத்தங்கரை இடத்தில் இவர்களுக்கு மாடி வீடு கட்டித் தருவதென்றும் பேச்சு அடிபட்டது.

பொது இடத்தை அப்படி நினைத்த மாத்திரத்தில் விற்றுவிட முடியாது. அதற்கு ஒரு வரிசை உண்டு. இந்த இடம் எந்தப் பொதுத் தேவைக்கும் வேண்டியதில்லை என்று முதலில் ஒரு சான்று வேண்டும். அதன் மேல் கட்டடம் இருந்தால், அது மனிதர் வாழத் தகுதியில்லாதது என்று இன்னொரு சான்று. பிறகு மன்றத் தீர்மானம், மேலிடத்து அனுமதி, மதிப்பீடு, ஏலம். சனம் குடியிருக்கிற இடத்தைப் பொதுத் தேவைக்கு வேண்டியதில்லை என்று எழுதுவதற்கு யாருக்கும் கை நடுங்கவில்லை. அது தட்டச்சாகிக் கையெழுத்தும் ஆகி, ஃபைலில் உட்கார்ந்திருந்தது. இரண்டாவது சான்றுக்குத்தான் ஓவர்சியர் வேண்டும்.

இந்த இடத்தில் எங்கள் செயல் அலுவலரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஈஓ என்போம். அவர் காசு வாங்குகிறவர் இல்லை. மதியம் தயிர்சாத டப்பாவைத் திறந்து தனியாகச் சாப்பிட்டு, டப்பாவைத் தானே கழுவி வைப்பார். யாரையும் உரத்த குரலில் பேசியதில்லை. அவருடைய மேசையில் ஒரு நேரத்தில் ஒரு ஃபைல்தான் இருக்கும். பிடிக்காத ஃபைல் என்றால் ஓரத்தில் பென்சிலால் 'பேசவும்' என்று எழுதித் திருப்பி அனுப்புவார். நாம் போய் நின்றால் உட்காரச் சொல்வார், டீ வரவழைப்பார், வீட்டில் எல்லோரும் சௌக்கியமா என்பார். பிறகு ஃபைலை நம் பக்கமாகத் திருப்பி வைத்து, "பாத்து எழுதுங்க மேடம்" என்பார். எதைப் பார்க்க வேண்டும், எதைப் பார்க்கக் கூடாது என்பது நாமாகப் புரிந்துகொள்ள வேண்டியது. வேலை முடிந்ததும் ரப்பரை எடுத்து, அந்தப் பென்சில் எழுத்தை அவர் கையாலேயே அழிப்பார். அழித்த துகளைக்கூட ஊதித் தள்ளமாட்டார். உள்ளங்கையில் கூட்டியெடுத்துக் குப்பைத் தொட்டியில் போடுவார்.

திட்டித் தீர்க்கிற அதிகாரிகளிடமும் வேலை பார்த்திருக்கிறேன். அவர்களோடு சண்டையாவது போடலாம். இவரோடு எதைச் சொல்லிச் சண்டை போடுவது?

கிழக்கு லைனைப் பார்த்துவரச் சொன்னபோதும் அதே டீ, அதே சௌக்கியம், அதே "பாத்து எழுதுங்க." நான் பார்க்கத்தான் போனேன்.

ஒரு பழைய கட்டடத்தைப் பார்ப்பது அரைமணி நேர வேலை இல்லை. கான்கிரீட் கூரையைச் சுத்தியால் அடி அடியாகத் தட்டிக்கொண்டே போக வேண்டும். நல்ல இடம் கணீரென்று பேசும். உள்ளே கம்பி துருப்பிடித்துக் காரை விட்ட இடம் பொத்தென்று கேட்கும். அப்படிக் கேட்ட இடத்தையெல்லாம் சாக்பீஸால் வட்டம் போட வேண்டும். சுவர் சாய்ந்திருக்கிறதா என்று தூக்குக்குண்டு விட்டுப் பார்க்க வேண்டும். விரிசல் இருந்தால், அது பழைய விரிசலா, இன்னும் வளர்கிறதா என்று தெரிய வேண்டும். அதற்கு ஒரு சின்னக் கண்ணாடித் துண்டை விரிசலுக்குக் குறுக்கே வைத்து, இரண்டு பக்கமும் சிமெண்டால் ஒட்டிவிட்டு வந்துவிட வேண்டும். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். அசையாவிட்டால் முழுசாக இருக்கும். மழைக்காலம் ஒன்று தாண்டிப் பார்த்தால் உத்தமம்.

நான் கண்ணாடி ஒட்டிக்கொண்டிருந்தபோதுதான் பாண்டியம்மாள் எனக்குப் பழக்கமானாள். எங்கள் பேரூராட்சியிலேயே தெருக்கூட்டுகிற ஒப்பந்தத் தொழிலாளி. புருசன் இல்லை. காலை வேலையை முடித்து வந்து வாசலில் துடைப்பத்தைச் சாய்த்தவள், நான் செய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"என்ன மேடம், சுவத்துக்குப் பொட்டு வைக்கிறீங்க?"

சொன்னேன். கவனமாகக் கேட்டுக்கொண்டாள். பிறகு தெருவில் பம்பரம் விட்டுக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்து, "ஏலே, எவனாச்சும் இந்தக் கண்ணாடியத் தொட்டீங்க, கைய ஒடிச்சுப்புடுவேன்" என்றாள். அந்தக் கண்ணாடிகளுக்கு அவளைவிட நல்ல காவல் கிடைத்திருக்காது.

பக்கத்து வீடு அவள் தம்பி செல்லமுத்துவுடையது. மண்டியில் லோடுமேன். நல்ல திடகாத்திரமான ஆள், ஆனால் முகத்தில் எப்போதும் தூக்கக் கலக்கம். அவன் என்னை உள்ளே கூட்டிப்போய்க் கூரையைக் காட்டினான். கட்டிலுக்கு நேர் மேலே காரை பேர்ந்து, கம்பி தெரிந்தது.

"போன மாசம் எம்பொண்ணு படுத்திருந்தா. தலகாணி ஓரத்துல விழுந்துச்சு, இம்புட்டுப் பெரிய சில்லு. நல்லாருக்குன்னு எழுதிப்புடாதீங்க மேடம், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

"இதச் சரி பண்ணலாம் செல்லமுத்து. கம்பியச் சுத்தம் பண்ணி, திரும்பப் பூசி, மேல தட்டு ஓடு பதிச்சா..."

"யாரு பண்ணுவா? இத்தன வருசமாப் பண்ணாதவுக இனிமேயா பண்ணப் போறாக?" என்றான். "லைனுக்கே கடேசியில நாலு கக்கூசு. எம்பொண்ணு மில்லுக்குப் போறவ. எல்லாரும் எந்திரிக்கிறதுக்கு முன்னாடி எந்திரிச்சாத்தான் அவளுக்குக் குளிக்க முடியும். வீட்டுக்குள்ள ஒரு பாத்ரூம். அம்புட்டுத்தான் கேக்குறேன். மாடி வீடு வருதுங்கிறாங்க, வரட்டுமே."

வாசலிலிருந்து பாண்டியம்மாள், "வரும் வரும். குளத்தங்கரைக்குப் போயி நீ தவளைக்கு லோடு ஏத்து" என்றாள். "எங்க இருந்துடா மண்டிக்கு நடப்ப? நான் விடியக்காலம் எந்த பஸ்ஸுல வந்து தெருக் கூட்டுவேன்?"

அக்காளும் தம்பியும் எனக்கு முன்னாலேயே சண்டை போட்டார்கள். இரண்டு பேரும் சொன்னது சரி. செல்லமுத்துக்கு வேண்டியது ஒரு நல்ல வீடு. அது நியாயமான கோரிக்கை. ஆனால், நல்ல வீடு வேண்டும் என்பது ஒரு விஷயம், நிற்கிற வீடு விழுமா விழாதா என்பது வேறு விஷயம். இரண்டையும் ஒரே தாளில் கலக்கச் சொல்லித்தான் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தார்கள்.

மழைக்காலம் முடிந்ததும் போய்ப் பார்த்தேன். கண்ணாடிகள் அத்தனையும் முழுசாக இருந்தன, வடக்கு மூலையில் மூன்று வீடுகளைத் தவிர. அந்த மூலையில் பேரூராட்சியின் சாக்கடை உடைந்து, தண்ணீர் அஸ்திவாரத்துக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. அதனால் அந்த மூன்றும் புதைந்துகொண்டிருந்தன. அதை அப்படியே எழுதினேன். மூன்று வீட்டையும் உடனே காலி செய்து, சாக்கடையைச் சரிசெய்து, அஸ்திவாரத்தைப் பலப்படுத்த வேண்டும். மற்ற வீடுகளின் சுவரும் அஸ்திவாரமும் உறுதியாக உள்ளன. கூரையை மட்டும் பழுது பார்த்தால் இன்னும் பல வருடம் குடியிருக்கலாம். இதுதான் என் அறிக்கையின் சாரம்.

ஃபைல் 'பேசவும்' என்று திரும்பி வந்தது.

போனேன். டீ வந்தது.

"நீங்க தப்பா நினைக்கக் கூடாது மேடம். உங்க ரிப்போர்ட்ல தப்பே இல்ல" என்று ஆரம்பித்தார். "ஆனா 'உறுதியாக உள்ளன'ன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கீங்க. நாளைக்கு ஒரு பூகம்பம் வந்தா?"

"திண்டுக்கல்லுக்கா சார்?"

"ஒரு பேச்சுக்கு. 'காலப்போக்கில் வாழத் தகுதியற்றதாக மாறக்கூடும்'னு போட்டா அதுவும் உண்மைதானே? எல்லாக் கட்டடமும் காலப்போக்குல அப்படித்தானே ஆகும்?"

"அப்படிப் பாத்தா இந்த ஆபீசுக்கும் அதே சர்டிபிகேட் கொடுக்கலாம் சார்."

அவர் கோபப்படவில்லை. சன்னலைப் பார்த்தார். "தெருவிளக்குக்குக் கரண்ட் பில் கட்ட முடியல. நம்ம தெருக் கூட்டுறவங்களுக்கே சம்பளம் தள்ளித் தள்ளித்தான் போடுறோம். இடத்த வச்சுக்கிட்டுப் பட்டினி கிடக்கிறோம் மேடம். அவங்களும் அந்த ஓட்டைக்குள்ள கிடக்கிறாங்க. வித்தா ரெண்டு பேருக்கும் விடிவு வரும். நான் எனக்கா கேக்குறேன்?"

அவர் அதை மனதார நம்பினார். அதுதான் எனக்கு எரிச்சலைக் கிளப்பியது. இடத்தை விற்பது நல்லதென்று பட்டால், அதை ஊரைக் கூட்டிச் சொல்ல வேண்டியதுதானே? காசில்லை, விற்கிறோம், இன்ன இடத்தில் இன்னது தருகிறோம், சம்மதமா என்று கேட்க வேண்டியதுதானே? அதை விட்டுவிட்டு, சுவர் ஆடுகிறது என்று எதற்கு என்னை எழுதச் சொல்ல வேண்டும்?

நான் ஒரு எழுத்தையும் மாற்றவில்லை. அவர் வற்புறுத்தவும் இல்லை. "சரி மேடம், உங்க இஷ்டம்" என்று சொல்லி, ரப்பரை எடுத்துப் 'பேசவும்' என்பதை அழித்தார்.

அடுத்த மாதம் கிழக்கு லைன் வாசல்கள் எல்லாவற்றிலும் நோட்டீஸ் ஒட்டினார்கள். 'பொறியியல் பிரிவின் ஆய்வறிக்கையின்படி கிழக்கு லைன் கட்டடங்கள் அஸ்திவாரம் புதைந்து அபாய நிலையில் உள்ளதால்...' என்று ஆரம்பித்தது. நான் மூன்று வீட்டுக்கு எழுதிய வாக்கியத்தை வெட்டியெடுத்து லைன் முழுவதற்கும் ஒட்டிவிட்டார்கள். அது போதாதென்று, வெளியூர் ஆலோசகர் ஒருவர் காரில் வந்து, இறங்கிப் பார்த்து, அதே பகல் போவதற்குள் இன்னொரு சான்றும் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

மறுநாள் காலை பாண்டியம்மாள் நோட்டீஸைக் கிழித்துக் கையில் எடுத்துக்கொண்டு ஆபீசுக்கு வந்தாள். வேலைச் சீருடை, தலையில் துண்டு.

"நீங்கதான மேடம் தட்டிப் பாத்தீங்க?"

"ஆமா."

"கண்ணாடி ஒடையலையில்ல?"

"உடையல பாண்டியம்மா. உன் வீடு நல்லாத்தான் இருக்கு. அப்படித்தான் எழுதியிருக்கேன். இது நான் எழுதினது இல்ல."

"உங்க பேரச் சொல்லித்தான ஒட்டியிருக்காக?"

தாளை என் மேசையில் வைத்துவிட்டு, தெருக் கூட்டப் போய்விட்டாள். அன்று மாலை நானே லைனுக்குப் போய், நின்றவர்களைக் கூப்பிட்டு, நான் எழுதியது இன்னது என்று சொன்னேன். பாதிப் பேர் தலையாட்டினார்கள். மீதிப் பேர் முகம் சுளித்தார்கள். செல்லமுத்து கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தான்.

"வந்து காரியத்தக் கெடுக்காதீங்க மேடம். நல்லாருக்குன்னு நீங்க சொல்லிச் சொல்லி, அவன் கட்டித் தர வேண்டியதில்லன்னு விட்டுட்டா? நீங்களா வந்து கட்டித் தருவீங்க?"

நல்லா இருக்கிறது என்றாலும் திட்டு, இல்லை என்று நோட்டீஸ் வந்தாலும் திட்டு. இரண்டையும் வாங்கிக்கொண்டு டவுன் பஸ் ஏறினேன்.

மன்றக் கூட்டத்தில் அந்தப் பொருள், தெருவிளக்கு பல்பு வாங்குவதற்கும் கொசுப்புகை அடிப்பதற்கும் நடுவில் வந்தது. விளக்கம் கேட்டால் சொல்வதற்காக நானும் ஓரத்தில் உட்கார்ந்திருந்தேன். பல்பு விலையைப் பற்றி நெடுநேரம் காரசாரமாக விவாதித்தார்கள். கிழக்கு லைனுக்கு வந்ததும் சத்தமில்லை. ஒரே ஒரு பெண் உறுப்பினர் மட்டும் எழுந்து, "ஓவர்சியரம்மா இருக்காங்கல்ல, அவங்களக் கேப்போம். வீடு நெசமாவே விழுற மாதிரியா இருக்கு?" என்றார்.

எழுந்து சொன்னேன். "மூணு வீடு மட்டும்தாங்க ஆபத்து. அதுவும் நம்ம சாக்கடை உடைஞ்சதால. மத்ததெல்லாம் உறுதியா இருக்கு. கூரையப் பழுது பாத்தாப் போதும்."

யாரும் மறுத்துப் பேசவில்லை. தலைவர் தண்ணீர் குடித்தார். "சரி, அடுத்தது" என்றார். பிற்பாடு கூட்ட நடவடிக்கை தட்டச்சாகி வந்தது. நான் பேசியது அதில் இப்படி இருந்தது: 'பொறியியல் பிரிவின் விளக்கம் கேட்கப்பட்டது. மன்றம் ஒருமனதாக ஏற்றுக்கொண்டது.' என்ன விளக்கம், எதை ஏற்றுக்கொண்டது என்று அதில் இல்லை. என் வாயால் சொன்னதையே எனக்கு எதிராக எழுதிவிட்டார்கள். அதில் ஒரு எழுத்தும் பொய் இல்லை. எத்தனையோ மோசமான கான்கிரீட்டைப் பார்த்திருக்கிறேன், இப்படி ஒரு பூச்சுவேலையைப் பார்த்ததில்லை.

ஈஓவிடம் போய்க் கேட்டேன். "நீங்க சொன்னீங்க, நாங்க கேட்டோம். அதத்தானே மேடம் எழுதியிருக்கு" என்றார். சிரிக்கக்கூட இல்லை.

தலைவரிடம் எழுத்து மூலம் ஆட்சேபம் கொடுத்தேன். மேலிடத்துக்கும் நகல் அனுப்பினேன். பதிலாக மாறுதல் உத்தரவு வந்தது, தொப்பம்பட்டிப் பக்கம். போன முதல் நாளே ஒரு விவசாயி ஆபீசுக்கு வந்து, "ஏனுங்க மேடம், எங்கூர்த் தண்ணித்தொட்டி ஒழுகுதுங்க, வந்து பாப்பீங்களா" என்று கேட்டார். ஒழுகுவதை ஒழுகுகிறது என்று சொல்கிற ஆளைப் பார்த்ததும் எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது. ஓய்வு பெறும்வரை அங்கேதான் இருந்தேன்.

கிழக்கு லைனைப் பற்றிச் செய்தி மட்டும் அவ்வப்போது காதில் விழும். ஏலம் முடிந்துவிட்டது. சனத்தைக் கிளப்பிவிட்டார்கள். அந்த இடத்தில் கடைகளும் மேலே பெரிய வீடுகளுமாகக் கட்டடம் எழும்புகிறது. குளத்தங்கரை மாடி வீடு தள்ளித் தள்ளிப்போய் ஒருவழியாக வந்தது. செல்லமுத்துக்குக் கிடைத்தது. பாண்டியம்மாளுக்கு இல்லை. காலி செய்யச் சம்மதம் என்று எழுதித் தரச் சொன்னபோது, "நல்ல வீட்ட எதுக்கு வேண்டாம்னு எழுதித் தரணும்" என்று அவள் கைநாட்டு வைக்க மறுத்திருக்கிறாள். அதனால் அவள் பெயரைப் பயனாளிப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டு, அபாயக் கட்டடத்தில் அத்துமீறி இருந்தவள் என்று சொல்லி இறக்கிவிட்டார்கள். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு தகரக் கொட்டகையில் வாடகைக்கு இருந்தாள். தம்பியோடு பேச்சு இல்லை.

நான் ஓய்வு பெற்றபின் ஒருநாள் போன் செய்தாள். "மேடம், பேரூராட்சி மேல கேசு போட்டிருக்கேன். தரும வக்கீலு. சாட்சி சொல்ல வாரீங்களா?"

இலவசச் சட்ட உதவியில் வந்த வக்கீலை அவள் தரும வக்கீல் என்றுதான் சொல்வாள். வருகிறேன் என்றேன். அதன் பிறகு திண்டுக்கல் கோர்ட்டுக்கு எத்தனை நடை நடந்தேன் என்று கணக்கு வைக்கவில்லை. ஒருநாள் எதிர்த்தரப்பு வக்கீலுக்கு உடம்பு சரியில்லை, வாய்தா. ஒருநாள் ஃபைல் வரவில்லை, வாய்தா. பாண்டியம்மாள் ஒவ்வொரு தடவையும் ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, துவைத்து மடித்த சேலையோடு வந்து வேப்பமரத்தடியில் நிற்பாள். "போன ஜென்மத்துல வாய்தாவாப் பொறந்திருப்பேன் போல" என்பாள்.

கடைசியில் ஒருநாள் என்னைக் கூண்டில் ஏற்றினார்கள். நீதிபதி, என் மகள் வயது இருக்கும், நிதானமாகக் கேட்டார். நான் பார்த்ததையும் எழுதியதையும் சொன்னேன். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்தார்.

"நீங்க டிப்ளமாதானே?"

"ஆமாங்க."

"அந்த ஆலோசகர் முதுநிலைப் பட்டம் வாங்கினவர். அவர் சொல்றது தப்பு, நீங்க சொல்றதுதான் சரியா?"

"அவர் எந்த இடத்துல தட்டிப் பாத்தார்னு அவர் ரிப்போர்ட்ல இல்லீங்க."

"கட்டடம் இப்ப இல்ல. யாரும் போய்ப் பாக்க முடியாது. உறுதியா இருந்துச்சுன்னு நீங்களா சொல்றதைத் தவிர வேற என்ன ஆதாரம் இருக்கு?"

நான் வாயைத் திறப்பதற்குள், பின்பெஞ்சிலிருந்து பாண்டியம்மாள் எழுந்துவிட்டாள். "இடிக்கிறப்ப நாங்க எல்லாரும் பாத்தோமே அம்மா" என்றாள். வக்கீல் ஆட்சேபித்தார். நீதிபதி கையமர்த்தி, "இது நீங்க முதல்ல கொடுத்த வாக்குமூலத்துல இருக்கா?" என்று கேட்டார்.

"வக்கீலய்யா கேக்கல. நானும் சொல்லல."

நீதிபதி கொஞ்சம் யோசித்துவிட்டு, என்னை இறங்கச் சொல்லி, அவளை மறுபடி கூண்டில் ஏறிச் சொல்லச் சொன்னார். நான் அப்போது தொப்பம்பட்டியில் இருந்ததால், எனக்கும் அது புதிதாகத்தான் இருந்தது.

"மொத நாளு ஒரு ஜேசிபி வந்துச்சும்மா" என்றாள். "முட்டு முட்டுன்னு முட்டுனான். மூல வீடு மூணும் ஒரே தள்ளுல உக்காந்துருச்சு. மத்தது அசையல. சுவரு பேந்துச்சு, மேக்கூரை அப்படியே நின்னுச்சு. சாயங்காலம் நிப்பாட்டிட்டுப் போயிட்டான். மறுநாளு இன்னொரு மிசினும் சேந்து வந்துச்சு. அதுக்கும் ஆகல. பொறவு குவாரியில பாறை ஒடைக்கிற மிசினக் கொண்டாந்தாக. எதுத்தாப்புல டீக்கடையில நின்னு பாத்துக்கிட்டே இருந்தோம். மிசின் டிரைவரு டீ குடிக்க வந்தவன் சொல்றான், 'யாரு ஆத்தா கட்டுனது இத, கைவலி எடுக்குது'ன்னு." மூச்சு வாங்கிக்கொண்டாள். "விழுந்துரும், செத்துப்போவீகன்னுதான எங்கள வெளிய தள்ளுனாக. விழமாட்டேன்னு அது நின்ன நெலயப் பாத்து எனக்கே அழுக வந்துருச்சு. கூடயே நாலு நாளு நின்னேன். போய்ட்டு வாரேன்னு சொல்லிட்டு வந்தேன்."

வக்கீல் ஏதோ கேட்கப் போனவர், குனிந்து தாள்களைப் புரட்டினார். "கேள்வி இல்லை" என்று உட்கார்ந்துவிட்டார். நீதிபதி எழுதிக்கொண்டிருந்தார். பக்கம் திருப்பியும் எழுதினார்.

அவளுக்கு வீடு ஒதுக்க வேண்டும் என்று தீர்ப்பு வந்தது. இடம் போனது போனதுதான், அதை யாரும் திருப்பித் தரவில்லை. தீர்ப்பு வந்த பிறகும் வீடு காலி இல்லை, ஆள் இல்லை, உத்தரவு நகல் வரவில்லை என்று இழுத்தார்கள். ஒருவழியாக மூன்றாவது மாடியில் ஒரு வீட்டுச் சாவியைக் கொடுத்தார்கள். "வந்து பாத்துட்டுப் போங்க மேடம்" என்று போன் செய்தாள். போனேன்.

பஸ் இறங்கி நெடுந்தூரம் நடக்க வேண்டியிருந்தது. படியில் செல்லமுத்து பீரோவைத் தனியாளாக முதுகில் ஏற்றிக்கொண்டு போனான். என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினான். அக்காளும் தம்பியும் எப்போது பேச ஆரம்பித்தார்கள் என்று நான் கேட்கவில்லை. மேலே பாண்டியம்மாள் பால் காய்ச்சிக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு டம்ளர் கொடுத்துவிட்டு, சுற்றிக் காட்டினாள். ஒரு அறை, சமையலுக்கு ஒரு மூலை, செல்லமுத்து கேட்ட பாத்ரூம்.

"எப்பிடி மேடம், வீடு நல்லாருக்கா? நீங்க சொன்னாச் சரி."

பாத்ரூம் சுவரின் வெளிப்பக்கம் தரையிலிருந்து ஒரு முழ உயரத்துக்கு ஈரம் ஏறியிருந்தது. விரலால் அழுத்தினேன். பூச்சு மாவாக உதிர்ந்தது.

"குழாய் உள்ளயே ஒழுகுது பாண்டியம்மா. கீழ் வீட்டுக்கும் இறங்கும். விட்டா சுவர் கெட்டுப்போகும். உடனே மனு கொடுக்கணும்."

பீரோவை இறக்கி வைத்துவிட்டு வேர்வையைத் துடைத்த செல்லமுத்து, "இப்பத்தான் சாவி கையில வந்திருக்கு. அதுக்குள்ளயா மேடம்?" என்றான்.

பாண்டியம்மாளும் குனிந்து அந்த ஈரத்தை விரலால் அழுத்திப் பார்த்தாள். பிறகு அடுப்பை அணைத்து, முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"நீங்க உக்காந்து பாலக் குடிங்க மேடம்" என்றாள். "கீழ கடையில மனு எழுதுற பேப்பரு விக்கிது. வாங்கிட்டு வாரேன்."